கம்பம் மூட்டைப்பூச்சி பேசுறேன்

தென்னிந்தியாவில் வாடகைக்கு விடுகிற எந்த அறைக்குள் நீங்கள் நுழைந்தாலும் சரி, உங்களுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சியார் படுத்து எழுந்திருக்கிறார். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். பதினோரு வருஷம் அந்த மனுஷருக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து நான் பட்ட வயிற்றெரிச்சலில் கம்பம் பள்ளத்தாக்கு ஏலக்காய் முழுவதையும் விறகில்லாமல் உலர்த்தியிருக்கலாம்.

கம்பம் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு டிராவல்ஸ் கடை இருக்கிறது. சென்னை, பெங்களூரு, கோவை போகிற ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுத் தருவேன். போகிற ஊரில் தங்குவதற்கு ரூமும் பார்த்துத் தருவேன். அதாவது, தருவேன் என்று போர்டில் எழுதியிருக்கிறேன். 'அனைத்து நகரங்களிலும் உங்கள் வசதிக்கேற்ப ரூம் புக் செய்து தரப்படும்.' மூன்று கலரில், உள்ளே பல்பு வைத்த போர்டு. கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் உண்டு, ஏசி உண்டு, சுற்றுகிற நாற்காலி உண்டு. ரூம் கேட்டு வருகிற ஆள் மட்டும்தான் கிடையாது.

பக்கத்துக் கடை அவருடையது. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்களை ரிப்பேர் பார்க்கிற கடை. வாஷர் டப்பாக்கள், ரப்பர் குழாய்கள், ஒரு முக்காலி, ஒரு பட்டன் போன். அவ்வளவுதான் அவருடைய மொத்த ஆஸ்தி. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கும் மேலாக ஸ்பிரேயர் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, ஊர் ஊராக லாட்ஜ் லாட்ஜாகப் படுத்து எழுந்தவர்.

என் கடையில் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் வருவார். டிக்கெட் எடுப்பார். என் ஏசியில் வியர்வையை ஆற்றிக்கொள்வார். என் தண்ணீரைக் குடிப்பார்.

"அப்படியே ரூமும் போட்ருவமாண்ணே?" என்று கேட்பேன்.

"இருங்க தம்பி, பக்கத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போவார். போனவர் போனவர்தான். என் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், அங்கே கிரீஸ் கறை படிந்த முக்காலியில் குந்திக்கொண்டு, பெண் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு ஜோசியர் வாயைப் பார்க்கிற மாதிரி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூட்டைப்பூச்சி என்பது நாங்கள் வைத்த பெயர் இல்லை. அவரே சம்பாதித்துக்கொண்டது. பிரதிநிதியாக இருந்த காலத்தில் ஏதோ ஒரு ஊர் லாட்ஜில் மெத்தையைத் தூக்கி டார்ச் அடித்திருக்கிறார். ஒரு மூட்டைப்பூச்சி ஓடியிருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் நசுக்கியிருப்பார்கள். இவர் அதைத் தீப்பெட்டியில் போட்டு பத்திரமாகக் கீழே கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்து, "ரூமுல எனக்கு முந்தியே ஒருத்தரு தங்கியிருக்காக. அவுகளுக்கும் சேத்து நான் வாடக தர முடியாது. பாதிய அவுகட்ட வாங்கிக்கங்க" என்றாராம். மேனேஜர் பாதி வாடகையைக் குறைத்துக்கொண்டாராம். இந்தக் கதையை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொந்தப் பெயரை எங்கோ தொலைத்துவிட்டார். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. எந்த லாட்ஜுக்குப் போன் செய்தாலும் கம்பீரமாக, "கம்பம் மூட்டைப்பூச்சி பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். மறுமுனையில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரிடம் யோசனை கேட்கப் போனால், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். கையில் இருக்கிற பையைத்தான் பார்ப்பார். ஜவுளிக்கடை கட்டைப்பை என்றால் சத்திரம். ஜிப் அறுந்து ஊக்கு குத்திய பை என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ். சக்கரம் வைத்த பெட்டி என்றால் லிஃப்ட் உள்ள ஓட்டல். அந்தச் சக்கரப் பெட்டியில் வேறு யாருடைய பெயரோ எழுதியிருந்தால் அது இரவல் பெட்டி, ஆகவே மறுபடியும் சத்திரம். முதுகில் மாட்டுகிற பையோடு வருகிற இளவட்டம் என்றால் ஒரே அறையில் எட்டுக் கட்டில் அடுக்கடுக்காகப் போட்டிருக்கிற இடம் இருக்கிறதல்லவா, அது. "மேல் கட்டில எடுத்துராத. கீழ இருக்கவன் குறட்ட விட்டா மேலதான் கேக்கும்" என்று கூடுதலாக ஒரு குறிப்பு வேறு.

ஒரு தடவை என் சிநேகிதர் ஒருவரைத் தயார் செய்து, புத்தம்புதுச் சக்கரப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, ஹைதராபாத் போவதாகச் சொல்லி ரூம் கேட்கச் சொன்னேன். மூட்டைப்பூச்சியார் ஏதாவது உளறினால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம் என்பது திட்டம். அவர் பெட்டியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"காலிப் பொட்டியத் தூக்கிட்டு வாரவுகளுக்கு ரூமு எதுக்கு? பக்கத்துக் கடையில ஏசி ஓடுது. போயி செத்த நேரம் உக்காருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சிநேகிதர் பெட்டியோடு என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்த கதை இன்னும் மோசம். மகன் முதல் முறையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். நம் பக்கத்தில் அதற்கு மகன் மட்டும் போனால் போதாது. ஏர்போர்ட் வாசல் வரை பதினோரு பேர் போயாக வேண்டும். நான் ஏர்போர்ட் பக்கத்திலேயே மூன்று நட்சத்திர ஓட்டலில் நான்கு ரூம், காலைச் சாப்பாட்டோடு, தள்ளுபடியில் பிடித்துக் காட்டினேன். அவர் போட்டோவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்கத்துக் கடைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

மூட்டைப்பூச்சியார் ஸ்பிரேயரின் முனையில் இருக்கிற நாசிலை ஊதிக்கொண்டே கேட்டார்: "அழுகுற ஆளுக எத்தன பேரு?"

"என் வீட்டுக்காரி. அவ அக்காமாரு ரெண்டு பேரு."

"நீங்க?"

சுருளிப்பட்டிக்காரர் மீசையைத் தடவினார்.

"சரி, உங்களையும் சேத்து நாலு. நாலு பேரு அழுகுறதுக்கு ஸ்டார் ஓட்டல்ல தோது கெடையாது. கீழ சோபாவுல உக்காந்து அழுதா செக்யூரிட்டி வந்து என்ன ஏதுன்னு கேப்பான். மேல ரூமுல போயி அழுதா ஆளுக்கொரு ரூமுல தனித்தனியா அழுகணும். பெரிய ஹால் வச்ச சத்திரம் ஒண்ணு இருக்கு, அங்கன போங்க. பக்கத்துல பாய் போட்டுருக்கவுக என்னான்னு கேப்பாக, அவுகளும் சேந்து கொஞ்சம் அழுவாக. பாரம் கொறையும்."

அவர்கள் அந்தச் சத்திரத்துக்குத்தான் போனார்கள். திரும்பி வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கடையில் வைத்துவிட்டு, "நல்லா அழுதோம்ண்ணே. ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த ஆப்பில் அழுகைக்கு நட்சத்திரம் கொடுக்கிறான், சொல்லுங்கள். சுத்தத்துக்கு உண்டு, இடத்துக்கு உண்டு, வைஃபைக்கு உண்டு. இதற்கு இல்லை. இல்லாத பாடத்தில் பரீட்சை வைத்து முதல் மார்க் வாங்குகிற ஆளோடு எப்படிப் போட்டி போடுவது?

"ஆன்லைன்ல ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு எழுதிருக்காகண்ணே" என்று ஒரு நாள் மல்லுக்கு நின்றேன்.

"எழுதுறவன் ஒண்ணு கோவத்துல எழுதுவான், இல்ல ஓட்டல்காரனே எழுதுவான் தம்பி. நிம்மதியா ஒறங்குனவன் எந்திரிச்சு எதுக்கு எழுதப் போறான்?" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வசனம்.

என் வாழ்க்கையில் எனக்கென்று மாட்டிய ஒரே பெரிய ஆள் போடிக்காரர் ஒருவர். ஏலத்தோட்ட முதலாளி. அவசரமாகக் கிளம்பினார். பக்கத்துக் கடை அன்றைக்குப் பூட்டியிருந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வாய்ப்பு என்று பெங்களூரில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ரூம் போட்டு, பிரிண்ட் எடுத்து, கவரில் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"தம்பி, ரூமு நல்லாத்தான் இருக்கு. வாளியத்தான் காணோம்."

"ஐயா, அங்க ஷவர் இருக்கும்யா. திருகுனா தண்ணி வரும்."

"அது மேலருந்துல பெய்யுது! இன்னைக்கு என்ன சனிக்கிழமையா, தலைக்கு ஊத்துறதுக்கு? மேலுக்கு மட்டும் குளிக்கணும்னா என்ன செய்யுறது? கழுத்த வெளிய நீட்டிக்கிட்டா நிக்க முடியும்?"

ஓட்டலுக்குப் போன் போட்டு ஒரு பக்கெட் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர்களும் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்கள். பாட்டில் குளிர்விக்க ஐஸ் போட்டு வைப்பார்களே, பளபளவென்று ஒரு குட்டி வாளி, அதை. அந்த மனுஷர் அதை வாஷ்பேசினில் பிடித்துப் பிடித்து நாற்பது தடவை ஊற்றிக் குளித்திருக்கிறார். ஊர் திரும்பியதும் என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய், "ஒன்னையக் கேக்காமப் போனது என் தப்புய்யா" என்றார். அடுத்த முறை மூட்டைப்பூச்சியார் அவரை அனுப்பியது மார்க்கெட் ஓரத்தில் ஒரு பழைய லாட்ஜுக்கு. என் ஓட்டல் வாடகையில் பத்தில் ஒரு பங்கு. வாளி எவ்வளவு பெரியது என்பதைப் போடிக்காரர் இரண்டு கையையும் விரித்து ஒரு வாரம் கம்பம் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்.

"காசு இருக்கவுகளுக்கும் வாளி வேணும் தம்பி. காசு இல்லாதவுகளுக்கும் சன்னல் வேணும்" என்று மூட்டைப்பூச்சியார் என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி நாசிலை ஊதப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் கேட்காமலே சொல்கிறேன், என்னுடைய பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. அவர் டீக்குச் சீனி குறைவு என்று சொன்னால் நான் சீனியே வேண்டாம் என்பேன். எதிலும் அவரிடம் தோற்கக் கூடாது. ஒரு தடவை எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமான பழக்கடைக்காரர் கால் முறிந்து தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐந்தாவது மாடி. இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கப் போனோம். எல்லாரும் லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்க, "நடக்குறது ஒடம்புக்கு நல்லது" என்று நான் படியில் ஏற ஆரம்பித்தேன். பின்னால் புஸ்புஸ்ஸென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மூட்டைப்பூச்சியார். பெரிய தொந்தி. அறுபது வயசு. இருபது வருஷமாக மருந்து நெடி குடித்த நெஞ்சு. ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆமா தம்பி... நடக்குறது... நல்லதுதான்..." என்கிறார். இதிலும் போட்டியா என்று எனக்குள் புகைந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். அவரும் விடவில்லை. ஐந்தாவது மாடிக்குப் போனபோது, கால் முறிந்தவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு இவரை அந்தக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எதிரி வீட்டுக்குள் நுழைந்தால்?

என் மனைவியின் தங்கைக்குக் கோவையில் வேலை கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டல் பார்க்க வேண்டும். நான் ஏழு ஹாஸ்டல் போட்டோவைப் போட்டுக் காட்டினேன். மனைவி ஏழையும் பார்த்துவிட்டு, பூக்கடைக்குப் போகிற மாதிரிப் போய்ப் பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"ஹாஸ்டல் பாக்கப் போனா ரூமப் பாக்கக் கூடாதாம்ங்க. நேரா மொட்ட மாடிக்குப் போயி கொடியப் பாக்கணுமாம். துணி நெறையாக் காஞ்சா தண்ணி வருதுன்னு அர்த்தமாம். துணி காஞ்சு மொறமொறன்னு ஆகியும் எடுக்காமக் கெடந்தா, பிள்ளைக பயமில்லாம இருக்காகன்னு அர்த்தமாம். களவு போகாதாம்."

"இது ஒரு யோசனையா?" என்றேன்.

"எம்புட்டு யோசனையாச் சொல்றாக அந்த அண்ணன்!" என்றாள் அவள். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் என்னைப் பார்த்து அவள் அந்தத் தொனியில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மைத்துனி அந்த மாதிரி ஒரு ஹாஸ்டலில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். கல்யாணம் பேசினால்கூட, ஹாஸ்டலை விட்டு வர மனசில்லை என்கிறாள்.

பிறகு என் மகளின் முறை வந்தது. பிளஸ் டூ முடித்துச் சென்னையில் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. நானும் மனைவியும் மகளும் போய் இரண்டு நாள் தங்க வேண்டும். மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இந்த ரூம நாந்தான் பாப்பேன். பக்கத்துக் கடைக்கு யாரும் போகக் கூடாது."

"பிள்ளைக்கு முக்கியமான நாளுங்க. ராத்திரி நல்லா ஒறங்குனாத்தான காலையில போயிப் பேச முடியும்? ஒரு வார்த்த..."

"ரூமு மட்டும் சரியில்லன்னா, நாளைக்கே அந்தப் போர்ட நானே எறக்கிர்றேன். போதுமா?"

சொல்லிவிட்டேனே தவிர அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பெற்ற மகளுக்கு ஒரு கட்டில் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் ஊருக்கெல்லாம் என்ன புக் செய்து தருவது? நான்கு நாள் உட்கார்ந்து சென்னையைச் சல்லடை போட்டுச் சலித்தேன். நடுத்தரமான ஒரு ஓட்டல் அகப்பட்டது. வாடகையும் கையைக் கடிக்கவில்லை, கல்லூரியும் நடக்கிற தூரம். புக் செய்து, கலர் பிரிண்ட் எடுத்து, நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். வேறு எதற்கு? வயிறு எரியட்டும் என்றுதான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "நல்ல எடமாத்தான் தெரியுது தம்பி. பாப்பா நல்லாப் பேசிரும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒரு துளி எரிச்சல் இல்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எட்டு மாடி. போட்டோவில் வாசலை மட்டும்தான் போட்டிருந்தார்கள். ஆனால் எங்களுக்குக் கொடுத்த ரூம் முதல் மாடியில். சன்னல் ரோட்டுப் பக்கம் இல்லாமல் பின்பக்கம், ஒரு வேப்பமரத்தைப் பார்த்து. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. மெத்தையைத் தூக்கி டார்ச் அடித்தேன் (ஆமாம், அடித்தேன்). சுத்தம். குளியலறையில் வாளி. வாளிக்குள் கப். சாப்பாட்டு மேஜையில் மகளுக்குப் பிடிக்காத வெங்காயம் போடாமல் தனியாக ஒரு உப்புமா. மகள் நன்றாகத் தூங்கினாள். நன்றாகப் பேசினாள். இடம் கிடைத்துவிட்டது.

"பரவால்லையே!" என்றாள் என் மனைவி. எம்புட்டு யோசனை என்று சொல்லவில்லைதான். ஆனாலும் கிட்டத்தட்ட அந்தத் தொனி.

ஊருக்குத் திரும்பியதும் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போர்டில் நான்காவதாக ஒரு கலர் சேர்த்தேன். டீக்கடையில், சலூனில், பஸ் ஸ்டாண்டில் அந்த ரூமின் மகிமையைப் பிரசங்கம் செய்தேன். மூட்டைப்பூச்சியார் கேட்கும்படிக் குரலை உயர்த்தினேன். அவர் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "அமைஞ்சுபோச்சு பாத்தீகளா! ஒங்க கைராசி தம்பி" என்றார். மனைவி தெருவில் என்னைப் பற்றி நல்லவிதமாக மூன்று வாரம் பேசினாள். என் வாழ்க்கையின் பொற்காலம் என்றால் அந்த மூன்று வாரம்தான்.

கல்லூரி திறந்தது. மகளைக் கொண்டுபோய் விடுவதற்கு நான் மட்டும் போனேன். மொட்டை மாடிக் கொடியைப் பார்த்து அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, அதே ஓட்டலுக்குப் பெருமையோடு போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க சார். முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

"யாரு முழங்காலு?"

"உங்க முழங்கால்தான் சார். போன தடவை உங்களுக்கு ஏழாவது மாடியில போட்டிருந்தோம். உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரே. சாருக்கு முழங்கால் வலி, ஆனா வெளிய சொல்லிக்க மாட்டாரு, முதல் மாடியில பின்பக்கமா ஒரு ரூம் குடுங்க, வாளி கப் வைங்க, பொண்ணுக்குப் பரீட்சை மாதிரி, பக்கத்து ரூம்ல கல்யாண கோஷ்டி எதையும் போட்றாதீங்கன்னு ஒரே கண்டிஷன். உப்புமாவுல வெங்காயம் போடக் கூடாதுன்னு சமையல்காரர்கிட்டயே பேசினார் சார்."

"பேரு சொன்னாரா?"

மேனேஜர் தயங்கினார். "கம்பம் மூட்டைப்பூச்சி பேசுறேன்னார் சார். முதல்ல நாங்க மிரட்டுறாங்கன்னு நினைச்சுட்டோம். நான் போன் பண்ணது சாருக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாருன்னு சொன்னார். நான்தான் இப்ப உளறிட்டேன்."

எனக்கு முழங்கால் வலி கிடையாது. எனக்கு லிஃப்ட் என்றால் பயம். கதவு மூடியதும் நெஞ்சை அடைக்கும், கை கால் சில்லிட்டுப் போகும். இது என் மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வயசை ஓட்டிவிட்டவன் நான். அந்த ஆள் அதைக் கண்டுபிடித்தது எப்போது என்று ஓட்டல் வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தேன். தேனி ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி அவர் ஏறியது போட்டிக்கு இல்லை.

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதே நினைப்பு. வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு பெருமையாகவும் இருந்தது. இத்தனை நாள் நான் வயிறெரிந்த ஆள் எனக்காக, எனக்காக மட்டும், இப்படிச் செய்திருக்கிறாரே என்று. கம்பத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராக அவர் கடைக்குப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, கம்பம் மூட்டைப்பூச்சிதான் பேசுறேன். தேவதானப்பட்டியிலருந்து ஒரு பெரியவரு நாளைக்கு அங்கன வாராக. அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒத்துக்கிட மாட்டாக. அதனால கதவ மெல்லத் தட்டிட்டுப் போயிராதீக, பலமாத் தட்டுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக, என்ன? அப்பறம் ஆண்டிபட்டி டீச்சரம்மா ஒண்ணு வருது. அதுக்கு இருட்டுன்னாப் பயம். பாத்ரூம் லைட்டு எரியுதான்னு நீங்களே ஒருக்காப் பாத்துருங்க."

அடப்பாவி மனுஷா. எல்லாருக்குமா?

எத்தனை வருஷமாக? எத்தனை பேருக்கு? போடிக்காரரின் பெரிய வாளி தானாக வந்து நின்றதில்லை போலிருக்கிறது. அந்தச் சத்திரத்து ஹாலில் சுருளிப்பட்டிக்காரருக்கு நல்ல மூலையாக இடம் கிடைத்ததும் தானாக இல்லை. பள்ளத்தாக்கில் இருக்கிற ஒவ்வொருவரின் பயமும் வெட்கமும் இந்தக் கிரீஸ் கடைக்குள் பத்திரமாக இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் என்னுடையதும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது. பொறாமையில்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "வாங்க தம்பி, இப்பத்தான் வாரீகளா? பாப்பா ஹாஸ்டல்ல அழுகாம இருந்துச்சா?"

"முழங்காலு வலிக்குதுண்ணே" என்றேன்.

அவர் வாஷர் டப்பாவை நகர்த்திவிட்டு முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க. அடுத்த வாட்டியும் கீழ்மாடியே சொல்லிருவோம்" என்றார்.

மறுநாள் என் போர்டில் ரூம் என்கிற வரியை நானே நாலு கலரின் மேலும் வெள்ளையடித்து அழித்தேன். இப்போது என்னிடம் ரூம் கேட்கிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பழைய வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. போனெல்லாம் எல்லாருக்கும் செய்யட்டும், போகட்டும். ஆனால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறியது எனக்காக மட்டும்தானா என்று இன்னும் அவரிடம் கேட்கவில்லை. வேறு யாருக்காகவாவது ஏறியிருந்தால் என்னால் தாங்க முடியாது.